குளிர்பதனக் கிடங்குகளின் தீயணைப்புக் குழாயில் எந்தத் திரவம் இருக்கலாம்? ‘உறைதடுப்பு’ விதிகள் சொல்வது என்ன?

திருவனந்தபுரம்: இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதே அரிதான நகரம் திருவனந்தபுரம். தீயணைப்புக் குழாயில் நிற்கும் தண்ணீர் உறைந்துபோகும் என்ற கவலைக்கு இங்கு இடமில்லை என்றே பலரும் நினைப்பர். ஆனால், இதே கடற்கரை மாவட்டத்தில் மீன், இறைச்சி, ஐஸ்கிரீம், தடுப்பூசி ஆகியவற்றைப் பாதுகாக்கும் உறைநிலை அறைகளுக்குள் ஆண்டின் 365 நாளும் பனிக்காலம்தான். உறைந்த மீன் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் குறைவான வெப்பநிலையில் வைக்கப்பட வேண்டும். வேக உறைவிப்பு அறைகளில் அது மைனஸ் 35 டிகிரிக்கும் கீழே செல்கிறது.

இத்தகைய அறையில் தீப்பிடித்தால் அணைப்பதற்கு ‘ஸ்பிரிங்க்ளர்’ எனப்படும் தானியங்கி நீர்த்தெளிப்பான் தேவை. அதன் குழாயில் தண்ணீரை நிரப்பி வைக்கவும் முடியாது. தண்ணீருக்குப் பதிலாக உறையாத திரவத்தை நிரப்பலாம் என்பது நெடுநாளைய தீர்வு. ஆனால், அந்தத் திரவமே தீக்கு எரிபொருளாக மாறக்கூடும் என்பது 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் உயிரிழப்புக்குப் பிறகுதான் பரவலாக உணரப்பட்டது. அதன் பின்னர் விதிகள் அடியோடு மாற்றப்பட்டன. அந்த மாற்றங்கள் என்ன, கேரளத்தின் குளிர்பதனக் கிடங்குகளுக்கு அவை எவ்வாறு பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நீர்த்தெளிப்பான் இயங்கும் முறை

கூரையில் பொருத்தப்படும் ஒவ்வொரு நீர்த்தெளிப்பானின் வாயையும் ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் அடைத்து நிற்கிறது. குமிழுக்குள் இருக்கும் திரவம் குறிப்பிட்ட வெப்பநிலையில் விரிவடைந்து கண்ணாடியை உடைக்கும். அலுவலகங்களிலும் வணிக வளாகங்களிலும் பொதுவாகக் காணப்படும் சிவப்புக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் உடைகிறது. ஆரஞ்சு நிறக் குமிழ் 57 டிகிரியிலும், மஞ்சள் 79 டிகிரியிலும், பச்சை 93 டிகிரியிலும் உடையும். தீக்கு அருகில் உள்ள குமிழ்கள் மட்டுமே உடைந்து, அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் பொழியும். கட்டடம் முழுவதும் ஒரே நேரத்தில் நீர் கொட்டும் எனத் திரைப்படங்கள் காட்டுவது உண்மையல்ல.

சாதாரண அமைப்பில் குழாய் முழுவதும் அழுத்தத்துடன் தண்ணீர் நிரம்பியிருக்கும். இதனை ‘ஈரக் குழாய்’ அமைப்பு என்பர். குமிழ் உடைந்த நொடியிலேயே நீர் வெளிப்படும் என்பதால், மற்ற அமைப்புகளைவிட இதுவே எளிமையானது, நம்பகமானது.

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனஅளவு சுமார் 9 விழுக்காடு பெருகுகிறது. மூடிய குழாய்க்குள் இந்தப் பெருக்கத்துக்கு இடமில்லை. குழாயோ இணைப்போ வெடிக்கும். வெடிக்காவிட்டாலும், அடைத்து நிற்கும் பனிக்கட்டியைத் தாண்டி நீர் வர இயலாது. எனவே, ஈரக் குழாய் செல்லும் இடம் குறைந்தது 4 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும் என்கிறது, ‘என்எஃப்பிஏ’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அமெரிக்க தேசிய தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 13ஆம் எண் விதித்தொகுப்பு. 1896இல் முதன்முதலாக வகுக்கப்பட்ட நீர்த்தெளிப்பான் விதிகளின் தொடர்ச்சியான இத்தொகுப்பு, பல நாடுகளில் வடிவமைப்பாளர்களின் வழிகாட்டியாக விளங்குகிறது.

உறைதடுப்பு திரவம் என்றால் என்ன?

தண்ணீருடன் கிளிசரின் அல்லது புரோப்பிலீன் கிளைக்கால் கலந்தால் அது உறையும் வெப்பநிலை வெகுவாகக் கீழிறங்கும். கனஅளவில் சரிபாதி கிளிசரின் கலந்த நீர் சுமார் மைனஸ் 29 டிகிரியிலும், 40 விழுக்காடு புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த நீர் சுமார் மைனஸ் 21 டிகிரியிலும் உறைகின்றன. இந்தக் கலவையைக் குழாயில் நிரப்பினால், ஈரக் குழாயின் எளிமையைக் குளிர்ப்பகுதியிலும் பெறலாம். குமிழ் உடைந்ததும் முதலில் கலவை வெளிவரும். அதைத் தொடர்ந்து தண்ணீர் வரும்.

வாகன ரேடியேட்டரில் ஊற்றப்படும் ‘கூலன்ட்’ பெரும்பாலும் எத்திலீன் கிளைக்காலைக் கொண்டது. அது நச்சு. குடிநீர் இணைப்புடன் தொடர்புள்ள தீயணைப்புக் குழாயில் அதற்கு அனுமதியில்லை. 2022இல் காம்பியாவில் குழந்தைகள் உயிரிழந்தபோது, இருமல் மருந்துகளில் கண்டறியப்பட்ட டைஎத்திலீன் கிளைக்காலும் எத்திலீன் கிளைக்காலும் இக்குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்களே. உணவு, மருந்துத் துறைகளில் பயன்படும் கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் அத்தகைய நச்சல்ல என்பதாலேயே தீயணைப்புக் குழாய்களுக்குத் தேர்வு செய்யப்பட்டன.

நச்சில்லை என்பதால் எரியாது என்று பொருளல்ல. புரோப்பிலீன் கிளைக்காலின் ஆவி சுமார் 100 டிகிரியிலும், கிளிசரினின் ஆவி சுமார் 160 டிகிரியிலும் தீப்பற்றும் நிலையை அடைகின்றன. தண்ணீர் போதிய அளவு கலந்திருக்கும்வரை இந்த ஆபத்து அடங்கியிருக்கும். கலவையின் அடர்த்தி கூடினால் நிலைமை மாறுகிறது. நீர்த்தெளிப்பான் திரவத்தை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. பெருந்தீயின் மேல் விழும் துளியிலிருந்து நீர் ஆவியாகிவிட, எஞ்சியது எரிபொருள் தூவலாகிறது.

2009: விதியை மாற்றிய விபத்து

கலிபோர்னியாவின் மலை நகரமான டிரக்கியில், 2009 ஆகஸ்ட் மாதம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சமையலறை அடுப்பில் எண்ணெய் தீப்பற்றியது. கூரையிலிருந்த நீர்த்தெளிப்பான் முறையாகத் திறந்தது. ஆனால், குழாயிலிருந்து பொழிந்த கலவையில் கிளிசரின் 71.2 விழுக்காடு இருந்தது. தீ அணைவதற்குப் பதிலாக, அறை முழுவதும் ஒரு நொடியில் தீப்பிழம்பு பரவியது. ஒருவர் உயிரிழந்தார்; மற்றொருவர் பலத்த தீக்காயமடைந்தார்.

கடுங்குளிருக்கு அஞ்சி அடர்த்தியைக் கூட்டுவது அதுவரை வழக்கமாக இருந்தது. எதிர்பார்க்கப்படும் குறைந்த வெப்பநிலைக்கு எவ்வளவு கலக்க வேண்டும் என்று மட்டுமே அட்டவணைகள் கூறின. அடர்த்தி எந்த அளவைத் தாண்டினால் தீக்கு உதவும் என்ற கேள்வி முன்னிலை பெறவில்லை.

விபத்துக்குப் பின் தீப்பாதுகாப்பு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய சோதனைகளில், 70 விழுக்காடு கிளிசரினும் 60 விழுக்காடு புரோப்பிலீன் கிளைக்காலும் தீயைப் பெருக்கக்கூடும் என்பது வெளிப்பட்டது. கிளிசரின் 50 விழுக்காட்டையும், புரோப்பிலீன் கிளைக்கால் 40 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்பதே அச்சோதனைகளின் முடிவு.

படிப்படியாக இறுகிய விதிகள்

* 2010 ஜூலை: குடியிருப்புகளின் நீர்த்தெளிப்பான் குழாய்களில் உறைதடுப்பு திரவம் இருந்தால் அதனை வெளியேற்றுமாறு என்எஃப்பிஏ பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது.

* 2010 ஆகஸ்ட்: புதிய குடியிருப்பு அலகுகளில் உறைதடுப்பு திரவத்தைப் பயன்படுத்த இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது.

* 2011 மார்ச்: தடை தளர்த்தப்பட்டு வரம்பு வகுக்கப்பட்டது. தொழிற்சாலையிலேயே கலக்கப்பட்ட கிளிசரின் கலவை 48 விழுக்காடு வரையும், புரோப்பிலீன் கிளைக்கால் கலவை 38 விழுக்காடு வரையும் புதிய அமைப்புகளில் அனுமதிக்கப்பட்டன. ஏற்கெனவே உள்ள அமைப்புகளுக்கு முறையே 50, 40 விழுக்காடு வரம்பு.

* 2013 பதிப்பு: புதிய அமைப்புகளில், அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் சோதித்துப் பட்டியலிட்ட திரவம் மட்டுமே நிரப்பப்பட வேண்டும் என்ற விதி வந்தது. இச்சோதனைக்கான தரநிலை ‘யுஎல் 2901’ என அழைக்கப்படுகிறது.

* 2022 செப்டம்பர் 30: பழைய அமைப்புகளில் பட்டியலிடப்படாத கலவையைத் தொடர்வதற்குப் பராமரிப்பு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 25 அளித்திருந்த அவகாசம் முடிவுக்கு வந்தது.

குளிர்பதனக் கிடங்குகளைப் பொறுத்தவரை 2013 பதிப்பில் ஒரு விதிவிலக்கு உண்டு. உயரமாக அடுக்கப்பட்ட சரக்குகளில் எழும் தீயைத் தொடக்கத்திலேயே அடக்கும் ‘இஎஸ்எஃப்ஆர்’ வகை நீர்த்தெளிப்பான்களுடன், 40 விழுக்காட்டைத் தாண்டிய புரோப்பிலீன் கிளைக்கால் கலவையைப் பயன்படுத்தலாம். ஆனால், அந்த நீர்த்தெளிப்பான் அந்தக் குறிப்பிட்ட பயன்பாட்டுக்கெனச் சோதிக்கப்பட்டுப் பட்டியலிடப்பட்டிருக்க வேண்டும். இந்த விதிவிலக்கைப் பொது அனுமதியாகக் கருதிவிடக் கூடாது.

ஐரோப்பியத் தரநிலையான ‘இஎன் 12845’ வேறு வழியில் ஆபத்தைக் குறைக்கிறது. உறைதடுப்பு திரவம் நிரப்பிய ஒரு பகுதியில் 20 நீர்த்தெளிப்பான்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதன் வரம்பு. வெளியேறக்கூடிய திரவத்தின் மொத்த அளவையே கட்டுப்படுத்துவது இதன் நோக்கம்.

‘தொழிற்சாலையிலேயே கலக்க வேண்டும்’ – ஏன்?

கிளிசரினின் ஒப்படர்த்தி சுமார் 1.26. தண்ணீரைவிடக் கனமான அது, சரியாகக் கலக்கப்படாவிட்டால் குழாயின் தாழ்வான பகுதிகளில் தங்கிவிடும். மேற்பகுதியில் நீர்த்துப்போன கலவை உறையும். கீழ்ப்பகுதியில் அடர்ந்த கலவை எரியும். ஒரே குழாயில் இரண்டு ஆபத்துகளும் சேர்ந்து நிற்கும். பணியிடத்தில் வாளியில் கலந்து ஊற்றும் வழக்கத்தை விதிகள் விலக்கியதற்கு இதுவே காரணம்.

இதே காரணத்தால், சோதனையின்போது குழாயின் மேல்முனையிலிருந்தும் கீழ்முனையிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும் என்று என்எஃப்பிஏ 25 கூறுகிறது. குளிர் நாடுகளில் இச்சோதனை ஆண்டுதோறும் குளிர்காலம் தொடங்குமுன் நடைபெறும். உறைநிலை அறைகளுக்குக் காத்திருக்கப் பருவமில்லை. எனவே ஆண்டுச் சோதனைக்கு ஒரு தேதியை நிர்வாகமே குறித்துக்கொள்ள வேண்டும்.

குழாய் எந்தப் பொருளால் ஆனது என்பதும் முக்கியம். சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்களில் புரோப்பிலீன் கிளைக்கால் விரிசலை ஏற்படுத்தக்கூடும். அறைக்கு வெளியே வெப்பத்தில் விரியும் திரவத்துக்கு இடமளிக்க விரிவுக் கலனும், கலவை குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாதிருக்கப் பின்னோட்டத் தடுப்பு வால்வும் தேவைப்படும்.

கிடங்குகளுக்குப் பொருந்தும் மாற்று வழிகள்

மைனஸ் 18 டிகிரியில் இயங்கும் கிடங்குக்கு 38 விழுக்காடு புரோப்பிலீன் கிளைக்கால் கலவை விளிம்பில்தான் நிற்கும். மைனஸ் 35 டிகிரி வேக உறைவிப்பு அறைக்கு அது உதவாது. அடர்த்தியைக் கூட்டினால் தீ ஆபத்து. எனவே, குழாயில் திரவமே இல்லாத அமைப்புகளைத்தான் பெரும்பாலான உறைநிலைக் கிடங்குகள் நாடுகின்றன.

முதலாவது, ‘உலர் குழாய்’ அமைப்பு. குழாயில் அழுத்தக் காற்று நிரம்பியிருக்கும். தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் வால்வு குளிரறைக்கு வெளியே இருக்கும். குமிழ் உடைந்து காற்று வெளியேறியதும் வால்வு திறந்து நீர் பாயும். நீர் வந்துசேரும் இடைவெளியில் தீ வளர்ந்துவிடும் என்பதால், பெரிய அமைப்புகளில் தொலைவிலுள்ள முனைக்கு 60 நொடிக்குள் நீர் வர வேண்டும் என்றும், கணக்கில் கொள்ளும் தீப்பரப்பை 30 விழுக்காடு கூட்ட வேண்டும் என்றும் என்எஃப்பிஏ 13 கூறுகிறது.

இரண்டாவது, ‘ப்ரீ-ஆக்‌ஷன்’ எனப்படும் முன்செயல் அமைப்பு. இதன் இரட்டைப் பூட்டு வகையில், தீ உணர்கருவி எச்சரிப்பதும் குமிழ் உடைவதும் ஆகிய இரண்டும் நிகழ்ந்தால் மட்டுமே தண்ணீர் குழாய்க்குள் நுழையும். சரக்குத் தூக்கும் வண்டி இடித்து ஒரு குமிழ் உடைந்தால்கூட நீர் வராது. உறைநிலை அறையில் தவறுதலாக நுழையும் தண்ணீர் குழாயிலேயே பனிக்கட்டியாகிவிடும் என்பதால் இந்த வகை விரும்பப்படுகிறது.

மூன்றாவது, ‘உலர் நீர்த்தெளிப்பான்’. ஈரக் குழாய் குளிரறைக்கு வெளியே மேற்பகுதியில் செல்லும். அங்கிருந்து மூடிய நீண்ட கழுத்து கூரையைத் துளைத்து அறைக்குள் இறங்கும். சிறிய அறைகளுக்கு இது ஏற்றது.

இவற்றிலும் கவனம் தேவை. காற்றில் உள்ள ஈரப்பதம் குளிரறையின் சுவரைக் குழாய் துளைக்கும் இடத்தில் படிந்து பனிக்கட்டி அடைப்பாக மாறுவதுண்டு. வெளியே காற்றழுத்தமானி சரியான அளவைக் காட்டும்; உள்ளே வழி அடைபட்டிருக்கும். கேரளம் போன்ற ஈரப்பதம் மிகுந்த கடற்கரைப் பகுதியில் இந்த ஆபத்து கூடுதல். குளிரறைக்குள்ளிருந்தே எடுத்த காற்று, உலர்த்தப்பட்ட காற்று அல்லது நைட்ரஜன் ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்துவதும், சுவரருகே குழாயைக் கழற்றிப் பார்க்க வசதியான இணைப்பு அமைப்பதும், ஆண்டுதோறும் அங்கே பனிக்கட்டி உள்ளதா எனப் பார்ப்பதும் இதற்கான தீர்வுகள்.

குளிர்பதனக் கிடங்குத் தீ ஏன் கொடியது?

சன்னல் இல்லாத சுவர்கள், தடித்த கதவுகள், ‘பஃப் பேனல்’ எனப்படும் பாலியூரித்தேன் நுரைத் தகடுகள் ஆகியவை குளிரை உள்ளே அடைத்து வைக்கின்றன. தீப்பிடித்தால் புகையையும் வெப்பத்தையும் அவை அவ்வாறே அடைத்து வைக்கும். அமெரிக்காவின் வொர்செஸ்டர் நகரில் 1999 டிசம்பர் 3 அன்று, பயன்பாட்டில் இல்லாத குளிர்பதனக் கிடங்கில் நுழைந்த தீயணைப்பு வீரர்கள் 6 பேர் புகையில் வழி தவறி உயிரிழந்தனர். தென் கொரியாவின் இச்சியோன் நகரில் 2008 ஜனவரி 7 அன்று குளிர்பதனக் கிடங்கில் ஏற்பட்ட தீவிபத்தில் 40 தொழிலாளர்கள் பலியாயினர்.

தானியங்கி அமைப்பு முதல் சில நிமிடங்களில் தீயை அடக்கத் தவறினால், அடுத்து அந்தப் பெட்டிக்குள் நுழைய வேண்டியவர்கள் தீயணைப்பு வீரர்களே.

கேரளத்தில் எந்த விதி பொருந்தும்?

இந்தியாவில் தீயணைப்புச் சேவை மாநிலங்களின் பொறுப்பில் உள்ளது. இந்திய தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016இன் நான்காம் பகுதி, தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியது. அது பரிந்துரைதான், மாநிலங்கள் தம் கட்டட விதிகளில் ஏற்கும்போதே சட்ட வலிமை பெறுகிறது. கேரள நகராட்சிக் கட்டட விதிகள் 2019, கேரள ஊராட்சிக் கட்டட விதிகள் 2019 ஆகியவை தீப்பாதுகாப்புக்கு இந்த நான்காம் பகுதியையே சுட்டுகின்றன. குளிர்பதனக் கிடங்குகள் அதில் ‘எச்’ பிரிவான சேமிப்புக் கட்டடங்களில் அடங்கும்.

நீர்த்தெளிப்பான்களை வடிவமைத்து நிறுவுவதற்கு ‘ஐ.எஸ். 15105’ என்ற இந்தியத் தரநிலை உள்ளது. ஏற்றுமதி சார்ந்த கிடங்குகளில், காப்பீட்டு நிறுவனங்களும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் என்எஃப்பிஏ விதிகளையும் கோருவது வழக்கம். அந்நிலையில், பழைய பதிப்பின் அட்டவணையைக் கொண்டு அடர்த்தியைத் தீர்மானிப்பது டிரக்கி விபத்துக்கு முந்தைய நிலைக்குத் திரும்புவதாகும்.

மாநிலத்தில் இயற்கையாக உறைபனி படியும் இடம் மூணாறு போன்ற உயர்ந்த மலைப்பகுதிகள் மட்டுமே. அங்கும் சில குளிர்கால விடியற்பொழுதுகளில்தான் வெப்பநிலை பூச்சியத்தைத் தொடுகிறது. எனவே, கேரளத்தில் உறைதடுப்பு திரவம் பற்றிய கேள்வி ஏறத்தாழ முழுவதும் குளிர்பதனக் கிடங்குகளைப் பற்றியதே.

தும்பா நினைவூட்டும் பாடம்

திருவனந்தபுரம் அருகே தும்பாவில் உள்ள கின்ஃப்ரா பூங்காவில், கேரள மருத்துவச் சேவைக் கழகத்தின் கிடங்கு 2023 மே 23 அதிகாலையில் தீப்பற்றியது. தீயை அணைக்கச் சென்ற வீரர் ஒருவர், கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததில் உயிரிழந்தார். அந்தக் கிடங்குக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லை என்று துறையின் அப்போதைய தலைவர் பி. சந்தியா தெரிவித்தார். அதே மாதம் 17ஆம் தேதி கொல்லத்திலும், 27ஆம் தேதி ஆலப்புழையிலும் அதே கழகத்தின் கிடங்குகளில் தீவிபத்துகள் நேர்ந்திருந்தன.

அவை குளிர்பதனக் கிடங்குத் தீவிபத்துகள் அல்ல. உறைதடுப்பு திரவத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. எனினும், கிடங்கில் என்ன இருக்கிறது, எந்தப் பாதுகாப்பு நிறுவப்பட்டுள்ளது என்பது தீ எழுமுன்னரே தீயணைப்புத் துறைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவை உணர்த்தின. தடையின்மைச் சான்றுக்கான ஆய்வு அதற்கான வாய்ப்பு. குழாயில் இருப்பது தண்ணீரா, காற்றா, எரியக்கூடிய கலவையா என்பதும் அந்த ஆய்வில் தெரிய வேண்டிய செய்தியே.

கிடங்கு நிர்வாகம் கேட்க வேண்டியவை

* குளிரறைக்குள் செல்லும் குழாயில் தற்போது என்ன நிரம்பியுள்ளது? அதற்கான ஆவணம் உள்ளதா?

* உறைதடுப்பு திரவம் எனில், அது பட்டியலிடப்பட்டதா? யார், எப்போது, எந்த அடர்த்தியில் நிரப்பினர்?

* மேலும் கீழும் எடுத்த மாதிரிகளின் கடைசிச் சோதனை எப்போது நடந்தது?

* உலர் அமைப்பு எனில், சுவரருகே பனிக்கட்டி அடைப்பு உள்ளதா எனக் குழாயைக் கழற்றிப் பார்த்தது எப்போது?

* அறையின் வெப்பநிலை பின்னர் குறைக்கப்பட்டதா? குறைக்கப்பட்டிருந்தால், குழாய் அமைப்பு மறுஆய்வு செய்யப்பட்டதா?

* கசிவு ஏற்பட்டால் நிரப்ப வேண்டிய திரவத்தின் பெயர் வால்வின் அருகே எழுதி வைக்கப்பட்டுள்ளதா?

கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால், பராமரிப்புக்கு வரும் புதிய தொழிலாளி கையில் கிடைத்த கலவையை ஊற்றிவிடுவதைத் தடுப்பது பெரும்பாலும் அந்தப் பலகை ஒன்றுதான். டிரக்கியில் நீர்த்தெளிப்பான் பழுதடையவில்லை. அது திறக்க வேண்டிய நேரத்தில் திறந்தது. அதன் குழாயில் நிரப்பப்பட்டிருந்த கலவையே உயிரைப் பறித்தது என்பது குறிப்பிடத்தக்கது.